சிறு கடைக்கு வெளியிலிருந்து ஐடி ஆள் தேவையா? தோட்டப்புற ஊர் வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் "உங்கள் தொழில் கம்ப்யூட்டரை நம்பியா ஓடுகிறது?" என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பார். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் கைபேசி வழியாகப் பணம் வாங்கும் டூயிட்நவ் கியூஆர் அட்டை நிற்கும். உள்ளே ஒரு கணினியில் எஸ்கியூஎல் அக்கவுண்டோ ஆட்டோகவுண்டோ, ஏதாவது ஒரு கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். மாதம் பிறந்தால் தொழிலாளர்களுக்கான இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகக் காப்புறுதி) எல்லாம் இணையம் வழியாகத்தான் கட்ட வேண்டும். மேலே நாலு சிசிடிவி, மொத்த வியாபாரிக்கு ஆர்டர் போவது வாட்ஸ்அப்பில். தோட்டத்து ஆபீஸில் கிராணி (எழுத்தர்) பேரேட்டில் எழுதிய காலம் போய்விட்டது. ஒரு சின்ன மளிகைக் கடைகூட இன்று இத்தனையையும் நம்பித்தான் நடக்கிறது.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஒருவரை வைக்கலாமா என்ற யோசனை பொதுவாக இரண்டு சமயத்தில் வருகிறது. ஈப்போவிலிருந்து விற்பனையாளர் வந்து மாதச் சந்தா பேக்கேஜை விரித்துக் காட்டும்போது ஒன்று. காலையில் கடையைத் திறந்தால் கணினி திறக்க மறுக்கும்போது இன்னொன்று. முடிவெடுக்க இரண்டுமே சரியான நேரம் கிடையாது. முதல் சமயத்தில் அவர் சொல்வதுதான் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது சமயத்தில் யார் கிடைத்தாலும் போதும் என்ற மனநிலையில் இருப்பீர்கள். வியாபாரம் நிதானமாகப் போகும் ஒரு மாதத்தில் கீழே சொல்லும் வேலைகளைச் செய்து பாருங்கள். விடை உங்கள் கடைக் கணக்கிலிருந்தே கிடைத்துவிடும்.

முதல் படி: எது நின்றால் வியாபாரம் நிற்கும்?

ஒரு தாளில், கடையில் மின்சாரமோ இணையமோ இல்லாவிட்டால் நின்றுபோகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று பதில் வேண்டும். இது ஒரு மணி நேரம் நின்றால் என்ன ஆகும்? ஒரு நாள் நின்றால்? ஒரு வாரம் நின்றால்?

கணினிகளின் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். மூன்று கணினி வைத்திருக்கும் துணிக்கடைக்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படாமல் இருக்கலாம். ஒரே ஒரு கணினி வைத்திருக்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) கொள்முதல் நிலையத்துக்குக் கட்டாயம் தேவைப்படலாம்.

அந்தக் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரச் சிறு தோட்டக்காரர்கள் குலைகளை லாரியில் கொண்டு வருகிறார்கள். லாரியோடு எடை போட்டு, கழிவு பார்த்து, அன்றைய விலைக்குச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் ஆக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும் என்பதால், வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வது நல்லது. கொள்முதல் செய்பவருக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் உண்டு, மாதா மாதம் கணக்கும் காட்ட வேண்டும். எடை போடும் கணினி காலை பத்து மணிக்கு நின்றால் பதினொரு மணிக்கு வெளியே லாரி வரிசை. மதியத்துக்குள் சிலர் அடுத்த நிலையத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். கையால் சீட்டு எழுதிச் சில மணி நேரம் சமாளிக்கலாம், அதற்கு மேல் கணக்கு சிக்கலாகும். இங்கே "ஒரு மணி நேரம்" என்ற கேள்விக்கே பதில் கனமாக இருக்கிறது.

மளிகைக் கடையில் நிலைமை வேறு. பில் அடிக்கும் கணினி நின்றால் கால்குலேட்டர் இருக்கிறது. அச்சடித்து வைத்த கியூஆர் அட்டைக்கு உங்கள் கடை வைஃபை தேவையே இல்லை. வாடிக்கையாளர் தன் கைபேசி டேட்டாவில் அனுப்புகிறார், அறிவிப்பு உங்கள் கைபேசிக்கு வருகிறது. அவர் காட்டும் திரையை நம்பாமல் உங்கள் கைபேசியில் பணம் ஏறியதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆக, ஒரு நாள் நின்றாலும் வியாபாரம் நடக்கும். ஒரு வாரம் நின்றால்தான் கையிருப்பும் கடன் கணக்கும் குழம்பும்.

கிளினிக், ட்யூஷன் நிலையம், லாரி போக்குவரத்து, தோட்டங்களுக்கு ஒப்பந்த ஆட்கள் அனுப்பும் நிறுவனம் என்று ஒவ்வொன்றுக்கும் வலிக்கும் இடம் வேறு. ஆள் அனுப்புபவருக்கு மாதத்தின் பெரும்பகுதி கணினி இல்லாமலே ஓடும், ஆனால் இபிஎஃப், சொக்சோ இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. கணினி 13ஆம் தேதி படுத்தால் அவருக்குத் தலைவலி. இந்த மாதிரி நாள்களையும் தாளில் குறித்துவையுங்கள்: சம்பள நாள், கெடு நாள், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம்.

இரண்டாவது படி: பழுது நோட்டு

இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கல்லாப் பக்கம் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு, கணினி, பிரிண்டர், வைஃபை, சிசிடிவி எதில் தகராறு வந்தாலும் உடனே எழுத வேண்டும். தேதி, என்ன ஆனது, எத்தனை மணி நேரம் வேலை கெட்டது, யார் சரிசெய்தார், எவ்வளவு செலவு. கடைப் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். முதலாளி இல்லாத நேரத்தில்தான் பாதிப் பழுது நடக்கிறது.

இரண்டு மாதம் கழித்து நோட்டைப் புரட்டி ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்.

ஐடி ஆளால் தீர்க்கவே முடியாதவை ஒரு வகை. யூனிஃபை இணைய லைன் போய்விட்டது என்றால் 100க்கு அழைக்க வேண்டியது நீங்கள்தான். மாதச் சந்தா வாங்கும் ஆளும் அதே எண்ணுக்குத்தான் அழைப்பார். மின்சாரம் போனால் மின்வாரியமான டிஎன்பியின் 15454. இந்த இரண்டு எண்களையும் உங்கள் கணக்கு எண்களோடு சுவரில் ஒட்டிவைப்பதற்கு யாருக்கும் பணம் தரத் தேவையில்லை.

அரை மணி நேரம் யாராவது சொல்லிக்கொடுத்தால் நீங்களே செய்யக்கூடியவை அடுத்த வகை. பிரிண்டரில் தாள் சிக்குவது, ரௌட்டரை அணைத்து மறுபடி போடுவது, பாஸ்வேர்ட் மறந்தால் மாற்றுவது, பில் காகித ரோல் மாட்டுவது.

மூன்றாவது வகைதான் நமக்குக் கவலை. கணக்கு மென்பொருள் "டேட்டாபேஸ் கிடைக்கவில்லை" என்கிறது. இரண்டாவது கணினியிலிருந்து முதல் கணினியின் கோப்பு திறக்கவில்லை. கணினி தானாக அணைந்து அணைந்து எழுகிறது. இந்த வகையில் எத்தனை வரிகள் விழுந்தன, எத்தனை மணி நேரம் போனது என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த நேரத்துக்கு ஒரு விலை போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் இன்று மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஓர் ஆளின் ஒரு மணி நேரம் 8 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். இரண்டு பேர் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் ஏறத்தாழ 49 வெள்ளி. அதோடு அன்று கைநழுவிய வியாபாரத்தின் லாபத்தைச் சேருங்கள், விற்பனைத் தொகை முழுவதையும் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் சொந்த நேரத்துக்கும் ஒரு கூலி போடுங்கள். ராத்திரி பதினோரு மணிவரை கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் நேரத்தைப் பெரும்பாலானோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அது சரியல்ல.

ஒருவர் மாதம் 300 வெள்ளிக்கு ஒப்பந்தம் கேட்கிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 3,600. உங்கள் நோட்டின் மூன்றாவது வகை, ஆண்டுக்கு இழுத்துப் பார்த்தால் 800 வெள்ளிதான் வருகிறது என்றால், அந்த ஒப்பந்தம் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். 5,000 தாண்டினால் பேசலாம். நடுவில் நின்றால் அடுத்த படிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவது படி: யாரை வைப்பதற்கும் முன்னால் நீங்களே செய்ய வேண்டியவை

நல்ல ஐடி ஆள் வந்தாலும் முதல் மாதம் இவற்றைத்தான் செய்வார். நீங்களே செய்துவிட்டால் நோட்டில் பாதி வரிகள் மறைந்துவிட வாய்ப்பு உண்டு.

இடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊரில் கருவிகளைக் கொல்வதில் இடிக்குத் தனி இடம் உண்டு. உலகில் இடி மின்னல் மிக அதிகமான நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் மேகம் கறுத்தால் ரௌட்டரும் சிசிடிவிப் பெட்டியும் ஆபத்தில் இருக்கின்றன. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி லைன் இருந்த காலத்தில் மின்னல் அந்தக் கம்பி வழியாகவே மோடத்துக்கு வந்துவிடும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழி அடைபட்டது. ஆனால் மின்சார வயர் வழியும், கடைக்கு வெளியே ஓடும் கேமரா கேபிள் வழியும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

சர்ஜ் பாதுகாப்பு, அதாவது திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் வசதி உள்ள பிளக் பலகை வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலை செய்ய நல்ல எர்த் வயர் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலக் கடைவீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்பது சந்தேகமே. அதைப் பார்க்க வேண்டியவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன், கம்ப்யூட்டர்காரர் கிடையாது. எர்த் சரிசெய்து, கணக்குக் கணினிக்கு, மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டியான யூபிஎஸ் ஒன்று வைத்து, மழை இருட்டினால் ரௌட்டர் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தைக் கடையில் ஒருவருக்குப் பொறுப்பாகக் கொடுங்கள். யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கினால் போதும். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கத்தான் அது. அதன் பேட்டரியைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது பேக்கப், அதாவது கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பது. இதில் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும், ஏனென்றால் கருவி போனால் திரும்ப வாங்கலாம், கணக்கு போனால் வாங்க முடியாது. வருமான வரிச் சட்டப்படி வியாபாரப் பதிவேடுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு சார்" என்பது வரி அதிகாரியிடம் பதிலாகாது.

மூன்று பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இருப்பது ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. கடைக்கு வெளியே, இணையத்தில் ஓரிடத்தில் ஒன்று. கூகுள் டிரைவ் 15 ஜிபி வரை இலவசம். சிறு கடையின் கணக்குக் கோப்புக்கு அது பெரும்பாலும் போதும். வெளி ஹார்ட் டிஸ்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருப்பது பெரிய ஆபத்து. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். பிரதி எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். கடையில் வெள்ளம் புகுந்தாலும் திருடன் புகுந்தாலும் அது தப்பும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நேற்றைய விலைப்பட்டியல் (பில்) தெரிகிறதா, கடன்காரர்கள் பாக்கி சரியாக இருக்கிறதா? பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, வேண்டிய நாளில் திறந்தால் வெறும் கோப்புறை இருப்பது மிகக் கொடுமையான கண்டுபிடிப்பு. இந்தச் சோதனையை உங்களால் செய்ய முடியவில்லை என்றால், வெளி உதவி வேண்டும் என்பதற்கு அதுவே ஒரு நல்ல காரணம்.

மற்றவை சுருக்கமாக. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கடையில் இன்னும் அதுதான் ஓடுகிறதா, அந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. சிசிடிவிப் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வாடிக்கையாளர் வைஃபையும் கணக்குக் கணினியின் வைஃபையும் ஒன்றாக இருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வந்தால் திறக்கக்கூடாது என்று கடையில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். உண்மையான பத்திரிகை படமாக வரும், அல்லது பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்பது கைபேசியில் நிறுவப்படும் செயலி, வங்கிக் கணக்கைத் துடைக்க அந்த வழியைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நான்காவது படி: கோடு எங்கே விழுகிறது?

இவ்வளவும் செய்த பிறகும் கீழ்க்கண்ட நிலைமை உங்களுக்கு இருந்தால் வெளி உதவியை முறையாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்பேன்.

இரண்டு மூன்று கணினிகள் ஒரே கணக்குக் கோப்பைப் பகிர்ந்துகொள்கின்றன என்றால் அது ஒரு அடையாளம். தனிக் கணினியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பகிர்வு வந்துவிட்டால் வலைப்பின்னல், அனுமதிகள், ஒரே நேரத்தில் இருவர் திறப்பது என்று சிக்கல் கூடும். கொள்முதல் நிலையம் மாதிரி சில மணி நேரத்திலேயே வருமானம் நிற்கும் தொழில் இன்னொன்று.

மற்றவர்களின் சொந்தத் தகவல் உங்களிடம் நிறைய இருந்தால் அதைத் தனியாக யோசிக்க வேண்டும். நோயாளிக் குறிப்புகள் உள்ள கிளினிக், பாஸ்போர்ட் நகல்களை வைத்திருக்கும் ஆள் அனுப்பும் நிறுவனம் எல்லாம் இதில் சேரும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடை, பெரிய நிறுவனம் என்று பிரிப்பதில்லை. 2024இல் அது திருத்தப்பட்டு அபராத உச்சவரம்பு 10 லட்சம் வெள்ளிவரை போயிருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தகவல் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். எது கசிந்தது, எப்படிக் கசிந்தது என்று மூன்று நாளில் சொல்ல உங்கள் கடையில் யாரால் முடியும்? பதில் "யாராலும் முடியாது" என்றால், அழைக்க ஒரு ஆள் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

கடைசியாக, எல்லாம் ஒரே தலையில் இருப்பது. பாஸ்வேர்ட், பேக்கப் எங்கே, எந்த லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் உங்கள் மகளுக்கு மட்டுமே தெரியும். அவருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அப்போது என்ன செய்வீர்கள்?

மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் இப்போது பல பேக்கேஜ்கள் விற்கப்படுகின்றன. வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்பனை 10 லட்சம் முதல் 50 லட்சம் வெள்ளிவரை உள்ளவர்களுக்கும் வந்துவிட்டது. விலக்கு வரம்பு பல முறை மாறியிருப்பதால், உங்கள் விற்பனைத் தொகையை வைத்து வாரியத்தின் இணையதளத்திலோ உங்கள் கணக்காளரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள், விற்பனையாளரிடம் கேட்க வேண்டாம். நீங்கள் வரம்புக்குள் வந்தாலும், நாளுக்கு நாலைந்து விலைப்பட்டியல்தான் என்றால் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் இலவசமாகவே தட்டச்சு செய்துவிடலாம். நூற்றுக்கணக்கில் போகும்போது கணக்கு மென்பொருளை அதோடு இணைக்க வேண்டும். அதைச் செய்பவர் உங்கள் மென்பொருளை விற்றவர். கணினி பழுதுபார்ப்பவரின் வேலை அதில்லை.

இந்த வித்தியாசம் மிக முக்கியம். மென்பொருள் விற்றவருக்கு ஆண்டுச் சேவைக் கட்டணம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பீர்கள். பழுது வந்தால் அவர் "உங்கள் கணினியில்தான் கோளாறு" என்பார். கணினிக்காரர் "மென்பொருளில்தான் கோளாறு" என்பார். நீங்கள் நடுவில் நிற்பீர்கள். வெளி ஆள் வைத்தால் அவர் செய்ய வேண்டிய பெரிய வேலையே இந்த நடு இடத்தில் உங்களுக்குப் பதிலாக நின்று பேசுவது. அதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் சந்தா எதற்கு?

ஐந்தாவது படி: எந்த மாதிரி உதவி?

தோட்டப்புற ஊர்களில் பொதுவாக நாலு வழி இருக்கிறது.

சொந்தக்காரப் பிள்ளை முதல் வழி. பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பையன். இவர்களை மட்டமாக நினைக்கக்கூடாது. பலர் திறமைசாலிகள், கடையையும் குடும்பத்தையும் அறிந்தவர்கள். ஆனால் இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். பணம் வாங்காத பிள்ளையை ராத்திரி அழைக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். வர முடியாதென்று சொல்ல அவனுக்கும் கூச்சமாக இருக்கும். ஒருமுறை வருகைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், செய்ததை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் ஊரிலேயே ஒரு தொழிலைத் தொடங்குவதற்கு நாம் தரும் முதல் கூலியாகவும் அது இருக்கும்.

ஊரில் உள்ள கம்ப்யூட்டர் கடை இரண்டாவது வழி. அழைத்தால் வருவார், வேலைக்கு ஏற்பக் கூலி. பெரும்பாலான சிறு கடைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இதோடு ஆண்டுக்கு இரண்டு முறை பழுதில்லாத நாளில் அவரை வரவழைத்துப் பேக்கப், வைரஸ், யூபிஎஸ் எல்லாம் பார்க்கச் சொல்லி அதற்கும் கூலி கொடுங்கள். அவசரத்தில் உங்கள் அழைப்பை அவர் முதலில் எடுக்க இது உதவும்.

ஈப்போவில் உள்ள நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம், கோலாலம்பூரிலிருந்து தொலைவழி உதவி மட்டும் என்ற மற்ற இரண்டும் கொஞ்சம் பெரிய தொழிலுக்கு. தொலைவழி உதவி மலிவானது, மென்பொருள் சிக்கலுக்கு நன்றாகவே உதவும். ஆனால் இடி விழுந்து பவர் சப்ளை கருகிவிட்டால் எனிடெஸ்க் மாதிரித் தொலைவழிச் செயலி வழியாக யாரும் அதை மாற்ற முடியாது. தொலைவழி ஒப்பந்தம் போடுபவர் ஊரில் கைவேலைக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது படி: கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

எத்தனை மணி நேரத்தில் பதில் தருவீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். அதைவிட முக்கியம், எத்தனை மணி நேரத்தில் ஒருவர் கடைக்கு நேரில் வருவார் என்பது. "நாலு மணி நேரத்தில் பதில்" என்றால் நாலு மணி நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி என்றும் அர்த்தம் கொள்ளலாம். எழுத்தில் பிரித்துக் கேளுங்கள்.

ஈப்போவிலிருந்து வரும் பயணச் செலவு சந்தாவில் சேர்ந்ததா? பொருள் மாற்றினால் விலையை முன்கூட்டிச் சொல்வாரா? சனி, ஞாயிறு உண்டா? தீபாவளிக்கு முந்தைய வாரம் கிடைப்பாரா? அவர் எழுதித் தரும் விலையில் 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்திருக்கிறதா, தனியா? ஐடி சேவைக்கு அந்த வரி உண்டு, ஆனால் பதிவு பெற்றவர்தான் வசூலிக்கலாம். சின்னக் கடைக்காரர் பலர் பதிவுக்கான விற்பனை வரம்பை எட்டமாட்டார்கள். நிறுவனம் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவானதா என்றும் பாருங்கள். உங்கள் மாதிரியே தொழில் செய்யும் இரண்டு பேரின் தொடர்பு எண் கேளுங்கள், கேட்டதோடு நிற்காமல் அழைத்தும் பேசுங்கள்.

முதல் தடவையே ஓராண்டுக்குக் கையெழுத்து போடாதீர்கள். மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நல்லவர் ஒப்புக்கொள்வார்.

பிரியும்போது என்ன நடக்கும் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். எல்லா பாஸ்வேர்டுகளையும், பேக்கப் பிரதிகளையும், அமைப்பு விவரங்களையும் எத்தனை நாளில் ஒப்படைப்பார்? இதைக் கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

ஏழாவது படி: சாவி உங்கள் கையில்

வெளி ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சில விஷயங்களைக் கடை ஷட்டர் சாவி மாதிரிதான் பார்க்க வேண்டும். அவருக்கு உள்ளே வர வழி இருக்கலாம், ஆனால் மூலச் சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

கடைக்கு டாட் காம் டாட் எம்ஒய் இணைய முகவரி வாங்கினால் அது உங்கள் வணிகப் பதிவின் பெயரில் இருக்க வேண்டும், தொடர்பு மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆளின் பெயரில் பதிவானால், நாளை அவர் தொலைபேசியை எடுக்காதபோது உங்கள் முகவரியே உங்கள் கையைவிட்டுப் போய்விடும். ஃபேஸ்புக் பக்கம், கூகுள் வரைபடத்தில் கடையின் பதிவு, சிசிடிவி செயலியின் மூலக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே விதி.

கணினியில் நிர்வாகிக் கணக்கு இரண்டு இருக்கட்டும், ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு. அவர் போனால் அவருடையதை நீக்கிவிடலாம். தொலைவழிச் செயலியில், நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும் என்று வையுங்கள். எந்நேரமும் திறந்த வழி வேண்டாம். வங்கி, இபிஎஃப், மைடேக்ஸ் (வருமான வரித் தளம்) பாஸ்வேர்டுகளை எந்தக் காரணத்துக்காகவும் தராதீர்கள். அந்தத் தளத்தில் ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால் நீங்களே தட்டி உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாஸ்வேர்டுகளை எழுதிய உறையை மூடிக் கையெழுத்திட்டு வீட்டு அலமாரியில் வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரியட்டும்.

அவசர எண்களையும் அதே சுவர்த் தாளில் சேர்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போனால் யோசிக்காமல் உங்கள் வங்கிக்கும் 997க்கும் அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கணினியில் கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி வந்தால், முதலில் இணையக் கேபிளைக் கழற்றி வைஃபையை அணையுங்கள், மற்ற கணினிகளுக்குப் பரவுவதைத் தடுக்க அது உதவும். பேக்கப் டிஸ்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. பிறகு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் கொடுங்கள், உங்கள் ஐடி ஆளையும் அழையுங்கள்.

எட்டாவது படி: சோதனைக் காலம்

ஒருவரை வைப்பது என்று முடிவானால் பழுது நோட்டை நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதச் சோதனைக் காலத்திலும் அதே மாதிரி எழுதுங்கள், அழைத்த நேரம், அவர் வந்த நேரம் இரண்டையும் சேர்த்து. முதல் மாதத்திலேயே, உங்கள் கடையில் உள்ள எல்லாக் கருவிகளும், லைசென்ஸ் முடியும் தேதிகளும், பேக்கப் போகும் இடமும் எழுதிய ஒரு பட்டியலை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். தமிழிலோ மலாயிலோ உங்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். இரண்டாவது மாதத்தில் ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல், "நேற்றைய பேக்கப்பை இந்த மடிக்கணினியில் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். திறந்து காட்டினால் ஓராண்டுக்குப் பேசலாம். சாக்கு சொன்னால் மூன்றாவது மாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

யாரையும் வைக்க வேண்டாம் என்று முடிவானவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை முதல் படித் தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது கடை திறந்தாலோ, எடை போடும் கருவியைக் கணினியோடு இணைத்தாலோ, விற்பனை இ-இன்வாய்ஸ் வரம்பை நெருங்கினாலோ, கணினி தெரிந்த பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பினாலோ ஆண்டு முடியக் காத்திருக்காமல் அன்றே எடுத்துப் பாருங்கள்.